என் தலையைப் படம் எடுத்த அன்று

அன்பு மகள் சிட்டுவுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் சுகந்தானே? நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் இந்தத் தடவை அந்த ஒரு வரிக்கு மனம் வரவில்லை. பதறாதே, உட்கார்ந்து படி. அப்பாவுக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான்.

ரெண்டு மாதத்துக்கு முன்னால் அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறியிருக்கிறது, பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. ஒனக்கு மூக்கு எங்க போச்சு என்று அப்பா கத்தினார். அப்புறம் ஒருநாள் கடைக்கு நடந்து போகும்போது, வலது கைய மட்டும் ஏன் கட்டிப்போட்ட மாதிரி வச்சிருக்கே என்றார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார், எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. பதினெட்டு வருஷமாக ஸ்கேன் அறையில் வேலை பார்க்கிறவள், வாசனை தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டு, ஒரு கை வீசாமல் உள்ளே நடந்து வந்த பார்க்கின்சன் நோயாளிகள் எத்தனை பேரைப் பார்த்திருப்பேன். அப்பாவிடம் வாயைத் திறக்காமல் ஒரு மாதம் ஓட்டினேன். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டித் தட்டிப் பார்ப்பேன், பத்து எண்ணுவதற்குள் வலது கை சோர்ந்துவிடும்.

கடைசியில் நரம்பு டாக்டரிடம் போனேன், மூளையைப் படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். போன செவ்வாய்க்கிழமை எங்கள் ஸ்கேன் அறையிலேயே ஊசி மருந்து ஏற்றி, மூன்று மணி நேரம் உட்காரவைத்து, அப்புறம் படுக்கவைத்தார்கள். தலை அசையாமல் பட்டை கட்டியவள் என்னோடு வேலை பார்க்கும் வாயாடிதான், போனில் உன்னிடம்கூடப் பேசியிருக்கிறாளே, அவள். கருவி மூக்கை உரசுகிற மாதிரி கிட்டே வந்து சுற்ற ஆரம்பித்ததும் எனக்கு மூச்சு முட்டியது. அரை மணி நேரந்தாங்க, கண்ண மூடிக்குங்க என்று நான் எத்தனை பேரிடம் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறேன், பாவி. எழுந்ததும் பார்த்தால் வாயாடி என் முகத்தைப் பார்க்காமல் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். படம் சரியில்லை என்றால் நானும் போர்வையைத்தான் மடிப்பேன்.

திரையை நானே திருப்பிப் பார்த்தேன். நல்ல மூளையில் ரெண்டு பக்கமும் காற்புள்ளி மாதிரி ஒளி தெரியும், எனக்கு இடப்பக்கத்தில் வால் மங்கி வெறும் புள்ளிதான் நிற்கிறது. படத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். படத்த மட்டும் வச்சுச் சொல்லல, ஒங்க கை, நடை எல்லாம் பாத்துத்தான் சொல்றேன், பார்க்கின்சன்தான், ஆனா இது ஆரம்பந்தான், சீக்கிரமே வந்துட்டீங்க, நல்லது என்றார் டாக்டர். சீக்கிரம் என்றால் பயப்பட நாள் அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அவர் திருப்புளியை எடுத்துப் போய்க் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். உள்ள விழுந்துட்டா நான் எப்படி வர்றது என்றார்.

மாத்திரை ஆரம்பித்தாயிற்று. தினமும் நடக்கவும் சொல்லியிருக்கிறார்கள், அப்பா பக்கத்திலேயே வந்து கைய வீசு, நல்லா வீசு என்று ட்ரில் மாஸ்டர் மாதிரி உயிரை எடுக்கிறார். நீ கண்டதைத் தேடிப் படித்துவிட்டு அழாதே, நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

வேலையைப் போட்டுவிட்டு ஓடி வராதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பயமாக இருக்கிறது சிட்டு. ஒரு வாரம் வந்து இருந்துவிட்டுப் போ. நான் கூப்பிட்டேன் என்று மட்டும் அப்பாவிடம் சொல்லிவிடாதே, நீயாக வந்த மாதிரி வா.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா