ஏலக்காய்ப் பையில் வந்த சிப்பி

போடிநாயக்கனூர்,
4-10-1956

அன்பு மகள் தேவகிருபைக்கு அம்மா ஞானபாக்கியம் எழுதிக்கிறது. கர்த்தர் கிருபையில நானும் அப்பாவும் நல்லபடியா வீடு வந்து சேந்தோம், உடம்புக்கு ஒண்ணும் குறைச்சலில்லை, மனசைத்தான் கேக்காதே. நீயும் மாப்பிள்ளையும் சுகமான்னு எப்பவும் போல ஒப்புக்குக் கேக்கல. நிசமாவே கேக்கிறேன், நிசமாவே பதில் எழுது.

தரங்கம்பாடியில நீ காட்டின இடமெல்லாம் கண்ணுக்குள்ளயே நிக்குது. கோட்டை மேல அடிச்ச காத்து, அந்தப் பழைய கோயில்ல நம்ம மூச்சு நமக்கே கேக்கிற அமைதி, அங்கிருந்து மீன் ஏலம் விடுற கரைக்கு வந்தா காது கிழியிற கூச்சல். நாங்க துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சே ஏலக்காய்க்கு விலை பேசிருவோம், இவுக ஊரையே கூப்பிட்டுப் பேசுறாகளேன்னு அப்பா அங்கேயே நின்னுட்டாக. பக்கத்து வீட்டு மொக்கம்மாள் அடுத்த ஊரு சிலமலையைக் கூடத் தாண்டாதவ, கடல் எப்படி இருக்கும்னு கேட்டு உசிரை வாங்குறா. சொல்லிக்கிட்டே வந்தேன். கடைசியில, மக வீடு எப்படி, அடுப்படி எந்தப் பக்கம்னு கேட்டா பாரு, உன் வீட்டு வாசலைக்கூட நான் மிதிக்கலைன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறாகன்னு சொல்லி எங்களை விடுதியில தங்க வச்சே. கால் வலிக்குதுன்னாலும் விடாம இன்னொரு இடம் இன்னொரு இடம்னு இழுத்துட்டுப் போனே. மாப்பிள்ளை ஒரு சாயங்காலம் கடற்கரைக்கு வந்தாக, சோலி கிடக்குன்னு வெரசா போயிட்டாக. வேடிக்கை பார்த்த சந்தோசத்துல நானும் ஒண்ணும் கேக்கல.

நாங்க ஏலக்காய் போட்டுக் கொடுத்து, கிளம்புறப்ப நீ திருப்பிக் கொடுத்த பையை நேத்துத்தான் பிரிச்சேன். நம்ம வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததில்லை. முதல் பறிப்புக் காயைப் பையில போட்டு மகளுக்குக் கொடுத்தா, மக தன் வீட்டு அரிசிப் பானையிலிருந்து ஒரு கை அள்ளி அதே பையில திருப்பிக் கொடுக்கணும். அதைப் பொங்கிச் சாப்பிட்டாத்தான் பெத்தவளுக்கு வயிறு நிறையும். உங்க அக்கா பொன்னுமணி கஷ்டப்பட்ட காலத்துல கூட நொய்யரிசியாவது போட்டுக் கொடுத்தா. நீ சிப்பி போட்டுக் கொடுத்திருக்கே. அழகான சிப்பிதான். அதைப் பார்த்துட்டு அப்பா கடையே திறக்கல. சிப்பியைப் பொங்க முடியுமா ஆத்தா? பானையில அரிசி இல்லையா, பானையே இல்லையா, இப்ப யார் வீட்டுல படுத்து எந்திரிக்கிறே? பயமா இருக்குடி எனக்கு. மறைக்கிறதுக்கு நாங்க என்ன அசலாரா.

திங்கக்கிழமை ரயிலுக்கு அப்பா வர்றாக. கோட்டையும் வேண்டாம் கடலும் வேண்டாம், நேரா நீ இருக்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போ. மாப்பிள்ளையை வையக் கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்புறேன், அவுகளும் மறைக்காம பேசட்டும். வெறும் வயித்தோட பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போகாதே, தலைக்கு எண்ணெய் வை. கர்த்தர் உன்னைக் கண்மணி போலக் காப்பாத்தட்டும். அந்தப் பையில இந்தத் தடவை நான் அரிசி போட்டு அப்பா கையில கொடுத்து விடுறேன். பொங்கிச் சாப்பிடு. பையை அவுக கிட்டத் திருப்பிக் கொடுத்துறாதே, நீயே இங்க கொண்டா.

உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கிற அம்மா,
ஞானபாக்கியம் யோசேப்பு