திறக்கும் முன் ஒரு கேள்வி

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? சென்ற கடிதத்தில் தேதி போட மறந்துவிட்டீர்கள். நான் நலம். கம்பெனியில் எனக்குக் குறை கண்டுபிடிக்கும் வேலைதான். உங்களிடம் முப்பது வருடம் பெற்ற பயிற்சி வீண்போகவில்லை.

போன வாரம் ஒரு வேடிக்கை. முகம் பார்த்துப் பேசும் எங்கள் புதிய மென்பொருளைச் சோதிக்க, மின்னஞ்சலில் வந்த இணைப்பை வீட்டில் என் அறையிலிருந்து அழுத்தினேன். மற்ற இணைப்புகள் இணையதளத்தைத் திறக்கும். இது கம்பெனியின் பெயரில் தொடங்குவதால், கணினியில் இருக்கும் மென்பொருளையே நேராகத் திறந்துவிடும். அது என்னைக் கேட்காமலே கேமராவோடும் மைக்கோடும் திறந்து, வேறொரு பக்கத்தின் பின்னால் மறைந்துகொண்டது. ஒன்றும் திறக்கவில்லை என்று நினைத்துச் சாப்பிட உட்கார்ந்தேன். உங்கள் மகனின் படத்திடம், "உப்பு கம்மி, குறை சொல்லக்கூட நீங்க இல்லை" என்றேன். மறுமுனையில், அலுவலகத்தில் ஆறு பேர் கேட்டிருக்கிறார்கள்.

"விடுங்கம்மா, யாரும் கேக்கலை," என்றார் மறுநாள் அலுவலகத்தில் அதை எழுதிய பொறியாளர்.

"கேக்கலைன்னா எதுக்குப்பா தலையைக் குனியறீங்க?"

அனுமதி கேட்டுத் திறக்கும்படி மாற்றும்வரை மென்பொருளை வெளியிடக் கையெழுத்திட மாட்டேன் என்றேன். என் ஒப்பந்தம் முடியும் மாதம் இது என்று மேலாளர் நினைவூட்டினார். மூன்று நாள் பொறுத்தேன். மாற்றிவிட்டார்கள். ஒப்பந்தம் பற்றி இன்னும் பேச்சில்லை.

அந்த இணைப்பை உங்களுக்கும் மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன்; மென்பொருளை உங்கள் கணினியில் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அழுத்துங்கள். "திறக்கலாமா?" என்று கேட்கும். "சரி" என்பதை அழுத்துங்கள். "இனி கேட்காதே" என்பதைத் தொட வேண்டாம், ஒவ்வொரு முறையும் கேட்கட்டும். கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளுங்கள். அவர் படத்தைப் பக்கத்தில் வைத்திருப்பேன். நீங்கள் சொல்லும் குறைகளை இருவரும் கேட்கிறோம்.

கம்பெனி வண்டி வந்துவிட்டது.

உங்கள் மருமகள்