ஸ்டெல்லா பெயரில் இருந்த பத்தொன்பது பேர்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் குடையை விரிப்பதற்குள் பாதி நனைந்தாயிற்று. திண்டிவனம் ஆபீஸ் போய்ச் சேர 9.20. படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற இந்த டிரஸ்டில் சேர்ந்து இன்றோடு இரண்டு மாதம்.

வேலை நிலவரம்: நோயாளிகள் விவரம் எல்லாம் கிராஃப் டேட்டாபேஸில். ஆள் ஒரு புள்ளி, உறவு ஒரு கோடு. இன்னாருக்கு இன்ன நோய், இன்ன ஊர், பார்த்துக்கொள்ளும் உறவினர் இன்னார். எனக்கு முன்னால் இருந்தவர் ஆசை ஆசையாய்ச் செய்துவைத்துவிட்டு பெங்களூருக்குப் போய்விட்டார். இயக்குநருக்கு வேண்டியதோ எல்லாக் கணக்கையும் ஒரே திரையில் காட்டும் டாஷ்போர்டு. அந்த மென்பொருளுக்குப் புள்ளி, கோடு எதுவும் புரியாது. அட்டவணையாகக் கொடுத்தால்தான் வாயைத் திறக்கும். இரண்டையும் கோர்த்துவிடுவது என் தலையில்.

நான்கு தடவை கனெக்‌ஷன் எரர். ஐந்தாவது தடவை சேர்ந்துகொண்டது. கத்த வேண்டும் போல இருந்தது, கேட்க ஆள்தான் இல்லை. மஸ்கட்டில் இருக்கும் அக்காவுக்கு வாட்ஸப்பில் எழுதினேன். ஒரு கட்டைவிரல் வந்தது.

வாங்க: பால், தீப்பெட்டி, கொசுவத்தி.

நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

அட்டவணையில் ஒரு கூத்து. நர்ஸ் ஸ்டெல்லா பத்தொன்பது நோயாளிகளுக்கு உறவினர் என்று வருகிறார். ஒரு பொம்பளைக்கு இத்தனை சொந்தமா? ஃபாரத்தில் கட்டம் மாற்றி எழுதியிருப்பார். கேட்கலாம்தான். ஆனால் மகள் பிரசவத்துக்கு இன்று காலைதான் அனந்தபுரம் போனார், இரண்டு வாரம் லீவு. பிரசவ வீட்டுக்கு ஃபோன் போட்டு இதையா கேட்பது? உண்மையைச் சொன்னால், யாரையும் கூப்பிட்டுப் பேசவே இப்போதெல்லாம் எனக்கு வருவதில்லை.

அந்தப் பத்தொன்பது உறவுக் கோடுகளையும் அழித்தேன். அட்டவணை பளிச்சென்று ஆனது. இயக்குநர் 'பிரமாதம்' என்றார். நாளையிலிருந்து நர்ஸ்களுக்கு விசிட் நோட்டு கிடையாதாம். யார் யாரைப் பார்க்கப் போக வேண்டும் என்ற லிஸ்ட் டாஷ்போர்டிலிருந்தே நர்ஸ்கள் ஃபோனுக்குப் போகும்.

மதியம் தயிர்சாதம். ஊறுகாய் மறந்துபோச்சு.

நவம்பர் 9, ஞாயிறு

சர்ச்சில் பூசை. ஜெபம் சொல்ல வாயைத் திறந்தால் குரல் கட்டியிருந்தது. வெள்ளி சாயங்காலத்துக்கு அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

பூசை முடிந்து எல்லாரும் குடும்பம் குடும்பமாக நின்று பேசினார்கள். நான் செருப்பைத் தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றேன். செருப்பு காலடியிலேயே இருந்தது.

அம்மா கல்லறையில் மெழுகுவர்த்தி. காற்றில் சுடர் நிற்கவில்லை. திரும்பும்போது கறிக்கடை, கால் கிலோ. கடைக்காரர்: "அவ்ளோதானா?" அவ்வளவுதான்.

நவம்பர் 18, செவ்வாய்

ஸ்டெல்லா வந்துவிட்டார். பேரன் பிறந்திருக்கிறானாம். மிட்டாய் டப்பாவோடு நேராக என் மேசைக்கு வந்து, ஃபோனை நீட்டினார்.

"ஒலக்கூர் சின்னப்பன் பேரு எங்க மேடம்?"

தேடினேன். இல்லை. காணை ஊர்க்காரர் ஒருவர், அவரும் இல்லை. அந்தப் பத்தொன்பது பேரில் ஒருத்தர்கூட இல்லை.

நோயாளி, உறவினர், ஊர் மூன்றும் கோட்டால் சேர்ந்திருந்தால் காட்டு என்று டேட்டாபேஸுக்கு வினவல் எழுதியிருந்தேன். உறவினர் கோடு அறுந்தால் ஆளே அட்டவணைக்கு வர மாட்டார். உறவினர் இல்லாவிட்டாலும் ஆளைக் காட்டு என்று எழுத ஒரே ஒரு சொல் போதும். நான் எழுதவில்லை.

உங்கள் பெயரை ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"யாரும் இல்லன்னு எழுதுனா அவுங்க மூஞ்சி சுருங்கிப் போவுது. எதிர்ல உக்காந்துக்கினு அத எப்படி மேடம் எழுதறது? அதான் என் பேரப் போட்டுக்கினு வந்தேன்."

அழித்தது நான்தான் என்றேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மிட்டாய் டப்பாவை மேசையில் வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலத்துக்குள் பதினெட்டு பேரைப் பார்த்தாகிவிட்டது, மருந்து தீர்ந்ததைத் தவிர பெரிதாக ஒன்றுமில்லை. சின்னப்பன் மட்டும் அப்படி இல்லை. அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர், அறுபதுக்கு மேல், சர்க்கரை, காலில் புண். செவ்வாய், வெள்ளி கட்டு மாற்ற வேண்டும். மூன்று தடவை யாரும் போகவில்லை. கைலியைக் கிழித்து அவரே கட்டியிருந்தாராம். உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

சாப்பிடப் பிடிக்கவில்லை.

நவம்பர் 20, வியாழன்

சின்னப்பனுக்கு நேற்று இரண்டு கால்விரலை எடுத்துவிட்டார்கள். சுண்டுவிரலும் பக்கத்து விரலும். கால் தப்பியது என்றார் ஸ்டெல்லா.

வினவலைத் திருத்தினேன். பத்தொன்பது பேரும் வந்தார்கள். ஸ்டெல்லா பெயரைத் திரும்பப் போட்டேன். மூன்று தடவை சரிபார்த்தேன்.

அறிக்கையில் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதச் சொன்னார் இயக்குநர். நான் கேட்காமல் அழித்தேன் என்றே எழுதினேன். வேலை போனால் போகட்டும். மிஷின் மேல் பழி போட மனசு வரவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

லீவு போட்டேன். ஆரஞ்சு ஒரு கிலோ. கடைக்காரர் எடை போட்டபோதுதான் ஞாபகம் வந்தது, சர்க்கரைக்காரருக்கு வாங்குகிறேன் என்று. திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொய்யா வாங்கினேன்.

ஆஸ்பத்திரி வார்டில் சின்னப்பனுக்குக் கடைசிக் கட்டில். ஒல்லியான ஆள். நானாகவே சொன்னேன்: லிஸ்டிலிருந்து உங்கள் பெயரை எடுத்தது நான்தான், தெரியாமல் செய்தது, மன்னித்துவிடுங்கள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது, ஒரே மூச்சில் வந்துவிட்டது.

கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடியே சொன்னார்.

"மொதல்ல ஸ்டெல்லாம்மா லீவு, அதான் வர்லன்னு இருந்தேன். அப்புறம் நம்மளப் பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு போலருக்குதுன்னு நெனச்சிக்கினு கெடந்தேன். அலுக்கலயா அப்ப?"

"இல்லீங்க."

"மிஷின் தப்பா?"

"என் தப்புங்க."

"அது பரவால்லம்மா" என்றார். சந்தோஷமாகவே சொன்னார்.

அழுதுவிட்டேன். அம்மா செத்தபோதுகூட நாலு பேர் முன்னால் இப்படி அழவில்லை. வார்டே திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி ஓடிவந்து தண்ணீர் கொடுத்து என் முதுகைத் தடவினார். அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது, பெற்ற பெண் நீயே இப்படி அழுதால் அவர் மனசு உடையாதா என்றார்.

மகள் இல்லை என்று சின்னப்பனும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.