மழை வரும் என்று சொன்னது நான்

அக்டோபர் 14, செவ்வாய்

வெயில். புழுக்கம். சாயங்காலம் மேற்கே கொஞ்சம் மேகம், அவ்வளவுதான். நாளை மழை வருமா என்று ஃபிலோ டீச்சர் கேட்டபோது “வரும்போலத்தான் இருக்கு” என்று ஏன் சொன்னேன்? யோசித்துப் பார்க்கிறேன்.

நடந்தது இது. செபமாலை மாதம். எங்கள் அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் செபக் குழுவில், மாதா சுரூபம் தினம் ஒரு வீடு. எல்லாருமாகப் பாடிக்கொண்டே தூக்கிப்போய் அடுத்த வீட்டில் வைத்துச் செபம் சொல்வது. இன்று எங்கள் வீடு. தெருவின் கடைசி வீடு. நாளை முதல் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், காலனியில் ஐந்து வீடு. அங்கே தனியாக இருந்த அன்பியத்தை இந்த வருடம்தான் ஃபாதர் எங்களோடு சேர்த்தார். ‘ஒரே குடும்பம்’ என்று பிரசங்கம். கைதட்டினோம். நானும்.

செபம் முடிந்து சுண்டல் கொடுத்துக்கொண்டிருக்கும்போது ஃபிலோ டீச்சர் ஆரம்பித்தார். அன்பியத் தலைவி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, எனக்கே ஆறாம் வகுப்பு எடுத்தவர்.

“நாளைக்கு வாய்க்கா மதகத் தாண்டணும். மழ வந்தா சுரூபத்தோட வழுக்கி விழப்போறோம். ரெஜினா, நீதான் ஜாக்ரஃபி. நீ சொல்லு, மழ வருமா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர் கேட்டது வானிலை அல்ல என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

சொன்னேன்.

“கேட்டுக்கிட்டீங்களா, காலேஜ் புரொஃபசரே சொல்லிட்டா. மழக்காலம் முடியட்டும், அந்தப் பக்கம் போவலாம். மாதா நாலு நாள் இங்கயே இருக்கட்டும். சனிக்கெழம எங்க வீட்டுலேருந்து இன்னொரு சுத்து.”

மழைக்காலம் முடிவது டிசம்பரில். செபமாலை மாதம் அக்டோபரோடு சரி. அந்த மதகின்மேல் தினமும் ஆட்டோ போகிறது.

செல்வி கதவோரமாக நின்றிருந்தாள். நாளை அவள் வீட்டு முறை. சுண்டலைச் சாப்பிடாமல் மடித்துக் கட்டிக்கொண்டு போனாள்.

அக்டோபர் 15, புதன்

வானம் துடைத்துவிட்ட மாதிரி. போர்வை, ஜமக்காளம் எல்லாம் துவைத்துப் போட்டேன், மதியத்துக்குள் மொறுமொறு. இவ்வளவு நல்ல வெயிலை இதற்குமுன் இப்படி வெறுத்ததில்லை.

வாங்க: மெழுகுவர்த்தி, பாத்திர சோப்பு, சேவியரின் பி.பி. மாத்திரை. உள்மதிப்பீட்டு மார்க் வெள்ளிக்குள் ஏற்ற வேண்டும்.

மாதா ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில். மரியாதைக்காக என் கணவர் சேவியர் டி.வி. போடுவதில்லை. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போனில் கிரிக்கெட். விக்கெட் விழுந்தால் வாய்க்கு வருவதை முழுங்கிக்கொள்கிறார்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. எம்.ஏ. படிக்கும்போதே போயிற்று. கோயிலுக்குப் போவது பழக்கத்தால், சேவியருக்காக, கொஞ்சம் பாட்டுக்காக. நேற்றிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொள்வது: பிளாஸ்டர் பொம்மை, எந்த வீட்டில் இருந்தால் என்ன. எனக்கு ரொம்ப வசதியான வாதம். செல்வி எதிர்பார்த்தது சுரூபத்தை மட்டுமா? நாங்கள் அத்தனை பேரும் அவள் வீட்டுப் படியேறி, தரையில் உட்கார்ந்து, அவள் கையால் வாங்கிச் சாப்பிடுவதை.

மீன் அஞ்சலை வாசலில் கூடையை இறக்கினாள். “மாதா ஒங்க வீட்லயே தங்கிட்டாங்களாமே, என்ன விசேஷம்?”

“மழை வரும்னு...”

வானத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “எங்க வூட்டுக்காரரு விடியக்காலையே கடலுக்குப் போய்ட்டாரு. ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிருக்கலாம்.”

கிழங்கான் வாங்கினேன். பேரம் பேசவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

மூட்டம். மழை இல்லை.

தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்கும் சாக்கில் செல்வி வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

முன்னறைக்குப் புதுப் பெயிண்ட். வெளிர்நீலம். வாசனை இன்னும் போகவில்லை. சீரியல் பல்பைக் கழற்றிச் சுருட்டி மூலையில் போட்டிருந்தார்கள். புதன்கிழமைக்கென்று நெரவியிலிருந்து அவள் அக்கா குடும்பம் வந்து, வந்த வழியே திரும்பியிருக்கிறது.

“ஒக்காருங்க மேடம். கொக்கி மட்டும் வச்சிடுறேன்.”

அவள் கணவர் அருள், கொத்தனார், சட்டையை மாட்டிக்கொண்டே வந்தார். “நெரவி பெந்தகோஸ்து சபையில கூப்புடுறாங்க மேடம். அங்க பாஸ்டரு வீட்டுக்கே வந்து சம்மணம் போட்டு ஒக்காந்து சாப்புடுறாரு. மழ, வெயிலு ஒன்னும் பாக்கறதில்ல.”

“நீங்க செத்த சும்மா இருக்கீங்களா?”

“என்னத்துக்குச் சும்மா இருக்கணும்? ஞாயித்துக்கெழம வரைக்கும் பாக்குறோம் மேடம். அதுக்குள்ள வந்தாச் சரி. இல்லன்னா அஞ்சு வீடும் அங்க போறதுன்னு பேசிட்டோம்.”

செல்வி ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அங்க போனா செபமாலய கையில எடுக்கக் கூடாதாம் மேடம். எங்கம்மா சாவுறப்ப என் கையில குடுத்தது.” பிறகு, “அளவு சரியா இருக்கான்னு போட்டுப் பாத்துச் சொல்லுங்க.”

சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. தையல் கூலியைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஜாக்கெட் கச்சிதம்.

மழை காரணம் இல்லை. சாதி. எழுதியாயிற்று. எங்கள் தெருவில் இந்த வார்த்தையை யாரும் சொல்வதில்லை. வேறு சொல்வோம். மதகு வழுக்கும். இடம் போதாது. இருட்டிரும். முட்டி வலி. இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்குக் குடியிருப்புப் புவியியல் நடத்துகிறேன். இது ஊர், இது சேரி, நடுவில் இந்த வாய்க்கால் எதற்கு என்று போர்டில் படம் போட்டுக் கேள்வி கேட்கிறேன். நல்ல டீச்சர் என்று பெயர்.

அக்டோபர் 17, வெள்ளி

காலையில் தூறல். நல்ல நேரம் பார்த்து வந்திருக்கிறது.

வகுப்பில் ஒருத்தி: “மேடம், நாளைக்கு மழைக்கு லீவு வுடுவாங்களா?” “என்னைக் கேக்காத.” கொஞ்சம் கத்திவிட்டேன் போலிருக்கிறது. பாவம், உட்கார்ந்துவிட்டாள்.

மார்க் ஏற்றியாயிற்று. இ.பி. பில் பாக்கி. மாத்திரை மறந்துவிட்டேன், மறுபடி கடைத்தெரு.

மதியம் ஃபிலோ டீச்சருக்கு போன். மனதுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். எடுத்ததும், “சொல்லும்மா ரெஜினா.” அவருடைய சுண்டல் குண்டான் இங்கே இருக்கிறது என்று சொன்னேன். “நாளைக்கு மாதாவத் தூக்க வர்றப்ப எடுத்துக்கிறேன்” என்றார். வைத்துவிட்டேன்.

சேவியரிடம் எல்லாம் சொன்னேன். முதலில் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை.

“ஃபாதர்கிட்ட சொல்லேன். அவரு சொன்னா கேப்பாங்க.”

“ஃபாதர் சொல்லியா நின்னுது? நான் சொல்லித்தானே.”

“அப்ப நீதான் சொல்லணும்.”

நாளை சொல்ல வேண்டும். எழுதி வைத்தால் செய்துவிடுவேன் என்று நம்பிக்கை ஒன்றும் இல்லை.

அக்டோபர் 18, சனி

நடந்ததை நடந்தபடி.

பகல் முழுக்கத் தூறல். திருநள்ளாறு கூட்டம், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தேன். சாயங்காலம் வாசலில் குடைகள். ஃபிலோ டீச்சர் கையில் மல்லிகை மாலை. “ம், தூக்குங்கப்பா.”

நிலைப்படியில் நின்றேன். “டீச்சர், மாதா செல்வி வீட்டுக்குப் போகணும். அவங்க முறை.” அட்டெண்டன்ஸ் எடுக்கிற குரல். எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை.

“மழ பெய்யிதேம்மா.”

“பெய்யாது.”

என் கண்ணாடியெல்லாம் தண்ணீர். மூன்றாம் வீட்டு ரீட்டா ‘குபுக்’கென்று சிரித்துவிட்டாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

“நீதானடி வரும்னு சொன்ன?”

“பொய் சொன்னேன் டீச்சர்.”

ஃபிலோ டீச்சர் கிட்டே வந்தார். “எனக்காகச் சொன்னேன்னு சொல்லேன். என் தலையில போட்டுரு.”

“இல்ல டீச்சர். எனக்கும் அது வசதியாத்தான் இருந்துச்சு.”

மாலையை நாற்காலியில் வைத்தார். குண்டானைக்கூட எடுக்காமல் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். பின்னாலேயே ஒவ்வொருவராக. சேவியர் சுரூபத்துக்குத் துண்டைப் போர்த்தித் தூக்கினார். நான், ரீட்டா, ரீட்டாவின் மாமியார். மாமியாருக்குக் காது மந்தம்; பாட்டை அவர்தான் உரக்க எடுத்தார். மதகில் யாரும் வழுக்கவில்லை.

செல்வி கதவைத் திறந்தாள். மாதாவைப் பார்த்தாள். பிறகு எங்களுக்குப் பின்னால் பார்த்தாள்.

“மத்தவங்க வர்றாங்களா மேடம்?”

“இல்ல.”

பிறகு நகர்ந்து வழிவிட்டாள். தையல் மிஷின்மேல் ஒரு வெள்ளைத் துணி விரித்து மாதா. அக்கம்பக்கத்து நாலு வீடும் வந்து அறை நிறைந்தது. மாலையை எங்கள் வீட்டு நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். செபமாலையில் ஒரு பத்து மணிச் செபம் என்னைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். பாதிவரைதான். செல்வி எடுத்து முடித்தாள்.

டீ கொடுத்தாள். அப்போது சொன்னேன். “மழை வரும்னு சொன்னது தப்பு, செல்வி.”

“நான் அங்கதானே நின்னேன் மேடம்” என்றாள்.

கிளம்பும்போது அருள்: “மாதா வந்துட்டாங்க, சந்தோஷம். ஆளுங்களக் காணுமே. நாளைக்குப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கணும். எத்தன பேரு வர்றாங்கன்னு பாத்துட்டு முடிவு பண்ணுறோம்.”

“நான் வர்றேன்.”

“நீங்க வருவீங்க மேடம். அது தெரியும். அவங்க?”

திரும்பி வரும்போது ரீட்டா, “ஃபிலோ டீச்சர் வந்தா எல்லாரும் வந்துருவாங்க, நீங்க போய் ஒரு வார்த்த கேளுங்களேன் மேடம்” என்றாள். டீச்சர் வீட்டில் விளக்கு எரிந்தது. உள்ளே அவர் தனியாகச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தது தெருவுக்குக் கேட்டது. கேட்டுக்கு வெளியே நின்றேன். தட்டாமல் வந்துவிட்டேன்.