காய்ச்சிய தண்ணீர்

புதுச்சேரி,
ஜூன் 14

அன்பு மகள் ஜிஸ்லேனுக்கு,

அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ஃப்ளோரானும் சுகமா? ஏழாம் மாதத்தில் கால் வீங்கும். வீராப்பாக நின்றுகொண்டே சமைக்காதே. போனில் உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெதையோ பேசி வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம்.

நம் மாடியில் குடியிருக்கும் நிர்மலாவின் கைக்குழந்தை இனியவனை வீடியோவில் பார்த்திருக்கிறாய். அவள் தொழிற்சாலை வேலைக்குத் திரும்பியதும் பகலெல்லாம் என்னிடம்தான் இருந்தான். புட்டிப்பால். மே மாதம் குழாய் பதிக்கிறோம் என்று தெருவைத் தோண்டிப் போட்டார்கள். சொட்டுத் தண்ணீர் வரவில்லை. நம் கிணற்றுத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. ஆனாலும் உன் அம்மா சும்மா விடுவேனா? ஒரு தரத்துக்கு இரண்டு தரம், பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சித்தான் பால்மாவு கரைத்தேன்.

பத்தாம் நாள் குழந்தையின் உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சாக்கடை கசிந்து கிணற்றில் நைட்ரேட் என்ற உப்பு ஏறியிருக்கிறதாம். கைக்குழந்தையின் இரத்தத்தில் பிராணவாயு சேரவிடாதாம். காய்ச்சினால் கிருமிதான் சாகும், இந்த உப்பு போகாது, சுண்டச் சுண்டக் கூடும் என்றார் டாக்டர். நான் பார்த்துப் பார்த்துச் செய்ததே வினையாகிவிட்டது, கண்ணு.

பிள்ளை பிழைத்துக்கொண்டான். வேணும்னேவா செஞ்சீங்க ஆன்ட்டி, அழுவாதீங்க என்று நிர்மலாதான் என்னைத் தேற்றினாள். இப்போது குழந்தையைக் காலாப்பட்டில் அவள் அக்காவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

கிணறு உள்ள வீடுகளுக்கெல்லாம் போய், காய்ச்சினாலும் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்று சொல்லி வருகிறேன். எதிர்வீட்டுக் கோவிந்தசாமிக்குக் கோபம். இப்படிக் கத்தினா எவன் வாடகைக்கு வருவான் என்கிறார். நான் கத்திக்கொண்டுதான் இருக்கிறேன்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வர டிக்கெட் எடுத்துவிட்டாய். பத்தியச் சாமான்களும் வாங்கி வைத்துவிட்டேன். ஆனால் வராதே, ஜிஸ்லேன். பெற்ற மகளிடம் இதைச் சொல்ல எனக்கு நெஞ்சு வெடிக்கிறது. குழாயில் இன்னும் தண்ணீர் வந்தபாடில்லை. கிணறு சரியாகும்வரை கைக்குழந்தையோடு இந்த வீட்டில் நீ இருக்க வேண்டாம்.

நீ கூப்பிட்டால் நானே வருகிறேன். துணி துவைக்கிறேன், உனக்கு ரசம் வைக்கிறேன், எண்ணெய் தேய்த்துவிடுகிறேன். குழந்தைக்குப் புட்டிப்பால் கரைக்கும்படி ஆனால் மட்டும் நீயோ மாப்பிள்ளையோ கரையுங்கள். தூங்குவதற்கு என் மடியில் கொடு, போதும்.

ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் காக்கட்டும்.

உன் அம்மா