ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் சத்தம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மருமகளும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதாக மருமகள் சொன்னாள், குழந்தைக்குக் காதை மூடி வெளியே அனுப்புங்கள். இங்கே எல்லோரும் நலம் என்று அடுத்த வரிக்குக் கை தானாகப் போனது, பிடித்து நிறுத்திக்கொண்டேன். வாராவாரம் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் பேசும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், நீயும் பாதி காதில்தான் கேட்கிறாய், நான் ஒரு விஷயத்தின் நடுவுக்கு வருவதற்குள் "சரிம்மா, வேற?" என்று கேட்டுவிடுகிறாய். கடிதத்தில் அப்படிக் கேட்க முடியாது. தவிர, இதனுடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். உன் கார் என் பெயருக்கு மாற நீ இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும், பென்சிலால் குறி போட்டிருக்கிறேன். போன மாதம் இதைக் கேட்டபோது "பாக்கலாம்மா, இப்ப என்ன அவசரம்" என்றாய். என்ன அவசரம் என்று சொல்லத்தான் அப்பா மதியம் தூங்குகிற நேரமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பாவுக்கு அன்று பக்கவாதம் வந்து ஒன்பது வாரம் ஆகிறது. பேச்சு ஏறக்குறைய சரியாகிவிட்டது, அதைத்தான் நீ போனில் கேட்டு நன்றாகத் தேறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். வலது கால் இழுக்கிறது, வலது கை இன்னும் அவருடையதாகவில்லை. கை கால் பயிற்சி மையத்தில் இருக்கிற பெண் அவர் உள்ளங்கையில் ஒரு ஸ்பாஞ்சை வைத்து "சார், இது உங்க மேனேஜர் கழுத்துன்னு நெனச்சுக்கோங்க" என்கிறாள், அவரும் சிரித்துக்கொண்டே அமுக்கப் பார்க்கிறார், ஸ்பாஞ்சு கொஞ்சம் குழிகிறது. சட்டைப் பித்தான் போட முடியவில்லை. அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "முதல் ஆறு மாசத்துல எவ்வளவு வருதோ அதுதாம்மா பெரும்பாலும் நிக்கும், ஒரு நாள்கூட விடாதீங்க" என்றாள். வாரம் மூன்று நாள் போக வேண்டும். ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வாரம் போக, இருபத்தொரு நாள் போயிருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு நாள்தான் போயிருக்கிறோம். வாடகைக் கார்க்காரர்கள் நம் தெருவுக்குள் திருப்ப முடியாது என்று முனையிலேயே நின்றுகொண்டு "நடந்து வந்துடுங்க, ரெண்டு நிமிஷம்தானே" என்கிறார்கள். அப்பாவுக்கு அது இருபத்தைந்து நிமிடம். பாதி வழியில் இருக்கும்போதே அவர்கள் ரத்து செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள், நாங்கள் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறோம். வரும்போது நம் வீட்டுக் கொட்டகையைத் தாண்டித்தான் வர வேண்டும், உள்ளே உறை போர்த்தி உன் கார் நிற்கிறது.

நீ போய் நான்கு வருடம் ஆகிறது. போகும்போது கார் விஷயமாக ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டுப் போனாய். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்ய வேண்டும், வெளியே எடுக்க வேண்டாம், சீட்டை நகர்த்த வேண்டாம், மேலே எதையும் வைக்க வேண்டாம். எங்கள் மருந்து நேரத்தை நீ எழுதி ஒட்டியதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, அப்போது எங்களுக்கு மருந்து எதுவும் கிடையாது, ஆனால் அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. முதல் ஞாயிற்றுக்கிழமையே அப்பா ஒரு வழக்கத்தை உண்டாக்கினார். நீ போன் செய்ததும் அவர் சாவியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போவார், நான் போனைப் பானெட்டுக்கு மேல் பிடித்துக்கொள்வேன், அவர் எஞ்சினைப் போடுவார், நீ அங்கிருந்து கேட்டுவிட்டு "சூப்பர்ப்பா, கிண்ணுன்னு இருக்கு" என்பாய். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் வாரம் முழுக்கக் காத்திருப்பார், முந்தின நாளே உறையை எடுத்துத் தூசி தட்டி வைப்பார். நீ கேட்டு முடித்ததும் அணைத்துவிடுவார். மாடியில் துணி காய்கிறது, புகை போகும், பெட்ரோலும் வீண். மூன்று நிமிடம், போனால் நான்கு. அதற்குள் நீ அம்மாவிடம் கொடுங்கள் என்பாய், என்னிடம் இரண்டு நிமிடம். காருக்கு என்னைவிட ஒரு நிமிடம் அதிகம் என்று நான் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு செல்ஃப் எடுக்கவில்லை. அப்பா பேட்டரியைக் கழற்றி ஆட்டோவில் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்தார். கடைக்காரர் "வண்டிய ஓட்டுங்க சார், நிக்க வெச்சுக்கிட்டே இருந்தா இது தாங்காது" என்று சொல்லி அனுப்பினார். அப்பா உன்னிடம் கேட்டார், நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை, வாரம் ஒருமுறை பெரிய சாலை வரைக்கும் போய் வரட்டுமா என்றார். "வேண்டாம்ப்பா, அந்தச் சந்துல கண்டிப்பா கீறல் விழும், நான் அடுத்த வருஷம் வந்துடுவேன், நானே ஓட்டிக்கறேன்" என்றாய். முப்பது வருடம் கம்பெனி ஜீப் ஓட்டிய மனிதர், சரி என்று சாவியை ஆணியில் மாட்டிவிட்டார். மூன்று மாதத்தில் பேட்டரி மறுபடி இறங்கிவிட்டது. இந்த முறை அவர் உன்னிடம் சொல்லவில்லை. என்னையும் சொல்ல விடவில்லை. "ஒரு வண்டிய பாத்துக்கத் துப்பில்லன்னு நெனப்பான்டி" என்றார். அடுத்த ஞாயிறு நீ போன் செய்த நேரத்துக்கு மாடி வீட்டுக் கணக்கு வாத்தியார் அவருடைய பழைய காரை வாசலில் ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார், நான் போனை அதன் மேல் பிடித்தேன். நீ கேட்டுவிட்டு "இப்பதான் இன்னும் நல்லா இருக்கு, என்ன பண்ணீங்க?" என்றாய். வாத்தியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்பாவும் சிரித்தார், ஆனால் அன்று பாதிச் சோற்றிலேயே கையைக் கழுவிவிட்டார். பதினொரு ஞாயிறு இப்படி நடந்தது. ஒவ்வொரு வாரமும் பேட்டரியை நாளைக்குக் கொண்டுபோகிறேன் என்பார், அவருக்கே அந்தக் கொட்டகைக்குள் போகப் பிடிக்காமல் போய்விட்டது. ஏமாற்றியது நாங்கள்தான், மறைக்கவில்லை. பதினொரு வாரம் வேறு ஒரு வண்டியைக் கேட்டுவிட்டு உன் வண்டி நன்றாக இருக்கிறது என்று நீ சொன்னதையும் எழுதி வைக்கிறேன்.

அன்று காலை பத்தரை மணிக்கு அப்பா பல்பு மாற்ற ஸ்டூலை இழுத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாய் கோணியது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன், வருகிறது என்றார்கள், எங்கே வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. வாத்தியார் காரோடு பள்ளிக்கூடம் போயிருந்தார். பக்கத்து வீட்டு நர்ஸ் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள், ஓடிவந்து பார்த்தவள் "கார் இருக்கில்ல, சாவியக் குடுங்க, நான் ஓட்டறேன்" என்றாள். பேட்டரி செத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சாவியைக் கொடுத்தேன். அவள் உட்கார்ந்தாள், உன் உயரத்துக்கு வைத்த சீட், கால் எட்டவில்லை, நுனியில் நகர்ந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். டிக் டிக் என்றது. மறுபடி திருப்பினாள். "என்னக்கா இது" என்று என்னைப் பார்த்தாள், நான் அவள் முகத்தைப் பார்க்காமல் உறையை மடித்துக்கொண்டு நின்றேன், அந்த நேரத்தில் எதற்காக அதை மடித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. கடைசியில் அந்த ஆம்புலன்ஸிலேயே ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரமாயிற்று. வாய் எப்போது கோணியது, எப்போது கிளம்பினீர்கள் என்று டாக்டர் மூன்று முறை கேட்டார். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் நீ பேசினாய். "கார் வீட்லதானேம்மா நிக்குது, அதுல போயிருக்கலாமே" என்றாய். ஸ்டார்ட் ஆகவில்லை என்றேன். "அதெப்படி, போன ஞாயித்துக்கிழமகூடக் கேட்டேனே, நல்லாத்தானே இருந்துச்சு" என்றாய். நான் வராண்டாவில் நின்றுகொண்டிருந்தேன், என்னிடம் பதில் இருந்தது, சொல்லவில்லை. அப்பா கண் திறக்காமல் படுத்திருக்கும்போது அவருடைய பொய்யைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனது வரவில்லை. நீ அதை நான் தடுமாறி நின்றதாக எடுத்துக்கொண்டாய். "பதட்டத்துல சாவிய சரியாத் திருப்பியிருக்க மாட்டீங்க" என்று மருமகளிடமும் சொல்லியிருக்கிறாய், அவள் ஆறுதலாக என்னிடம் சொன்னாள்.

பிறகு பேட்டரிக்காரரை வீட்டுக்கே வரவழைத்தேன். மூடியைத் திறந்து பார்த்தார், முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. வாரம் தவறாமல் ஸ்டார்ட் செய்தோமே என்றேன். எவ்வளவு நேரம் என்றார், சொன்னேன். அவர் மீட்டரைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, ஸ்டார்ட் பண்ற அந்த ஒரு நொடியிலதான் இது நிறைய இழக்கும், அத திரும்ப ஏத்த அரை மணி நேரமாவது ஓடணும், நீங்க ஒவ்வொரு வாரமும் எடுத்துட்டு எடுத்துட்டு மூடி வெச்சிருக்கீங்க. சும்மா நின்னிருந்தாக்கூட இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கும். இது ஓட்டாம செத்ததில்ல, காட்டிக் காட்டியே செத்தது" என்றார். நல்ல மனிதர், எங்களை நோகடிக்கச் சொல்லவில்லை. ஓட்ட முடியாவிட்டால் மைனஸ் பக்கத்து ஒயரைக் கழற்றி வைத்திருந்தாலே போதும் என்றார், ஒரு ஸ்பேனர் வேலையாம். உன் தாளில் அது இல்லை. நீயும் அங்கே ரயிலில் போவதால் காரை வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கிறாய் என்று மருமகள் சொல்கிறாள், குளிரில் இன்னும் சீக்கிரம் இறங்குமாம், ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு அணைக்காதே, ஓட்டினால் அரை மணி நேரம் ஓட்டு, இல்லையென்றால் ஒயரைக் கழற்றிவிடு.

புது பேட்டரி போட்டாகிவிட்டது. உனக்குத் தெரியாத இன்னொன்று, நீ பிறப்பதற்கு முன்பே நான் லைசென்ஸ் எடுத்தவள், அப்பா ஓட்டியதால் எனக்குத் தேவைப்படவில்லை, அதைப் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறேன். மூன்று வாரமாக டிரைவிங் பள்ளி வண்டியில் போகிறேன். சொல்லிக்கொடுக்கிற பெண் வாய்த்துடுக்கு, "அக்கா, இது கிளட்ச், தையல் மெஷின் இல்ல" என்கிறாள், ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் நெஞ்சில் கை வைத்துக்கொள்கிறாள். நேற்று நம் காரைக் கொட்டகையிலிருந்து வாசல்வரை எடுத்தேன். சீட்டை முன்னால் இழுத்துவிட்டேன், நான்கு வருடம் நகராததால் இறுகிப்போயிருந்தது, எண்ணெய் விட வேண்டியிருந்தது. கேட்டில் உரசி இடது பக்கக் கதவில் ஒரு முழத்துக்குக் கோடு விழுந்திருக்கிறது. மறைக்காமல் எழுதுகிறேன், இனிமேல் இந்த வீட்டில் அந்த வண்டியைப் பற்றி யாரும் உன்னிடம் எதையும் மறைக்கப் போவதில்லை. ஆனால் சாலைக்கு எடுக்க முடியாது. ஓடாத வண்டிக்கு எதற்கு என்று இரண்டாம் வருடமே நீ இன்சூரன்ஸை விட்டுவிட்டாய், இப்போது போடப் போனால் வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் கேட்க வேண்டும் என்கிறார்கள். அதற்குத்தான் இந்தப் படிவம். அடுத்த வருடம் வருவேன் என்று நீ மறுபடி சொல்லலாம். வா, சந்தோஷம். அடுத்த வருடம் அப்பாவின் அந்த ஆறு மாதம் முடிந்திருக்கும்.

படிவம் இந்த மாதக் கடைசிக்குள் வராவிட்டால் செய்ய வேண்டியதையும் யோசித்து வைத்துவிட்டேன். அப்பாவுக்குப் பயிற்சி கொடுக்கிற பெண், அவர் பிடித்து நடக்கக் கம்பிகள் போட நீளமான இடம் இருந்தால் வீட்டுக்கே வருகிறேன் என்கிறாள், நீளமான இடம் நம் வீட்டில் கொட்டகை மட்டும்தான். இன்சூரன்ஸ் இல்லாமல் தெருவில் ஓட்டக் கூடாது என்பதால் வாத்தியாரும் இன்னும் இரண்டு பேரும் வண்டியை வெளியே தள்ளுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வண்டி வெளியே வெயிலிலும் மழையிலும் நிற்கும், உறை போடுவேன், அதற்கு மேல் என்னால் ஆகாது. உன் பொருள் என்று கோபத்தில் செய்வதாக நினைக்காதே. கோபம் இருக்கிறது, ஆனால் இது அதனால் இல்லை.

அப்பாவிடம் மாடி வீட்டுக் கார் விஷயத்தைக் கேட்காதே. இந்த ஜென்மத்தில் உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. அதை மட்டும் உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன், மற்றதெல்லாம் கேட்கவில்லை, சொல்கிறேன். முன்பெல்லாம் கடிதத்தின் கடைசி இரண்டு வரி அவர் எழுதுவார், இந்த முறை அவருக்கு இடம் விடவில்லை.

மருமகளுக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள். நீயும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இரு, இதை மனதாரத்தான் எழுதுகிறேன். நீல மையில் போடு, கறுப்பு வேண்டாம். பதிவில் இருப்பது நீ இங்கே இருந்தபோது போட்ட பழைய கையெழுத்து, அதே மாதிரி இருந்தால்தான் ஏற்றுக்கொள்வார்களாம். உனக்கு மறந்திருக்கக்கூடும் என்பதால் அதை ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறேன், பார்த்துப் பார்த்துப் போடு.

இப்படிக்கு,
அம்மா