பற்களை நொறுக்கச் சொல்லும் சங்கீதம்

அண்ணா,

இன்று காலை நம் வீட்டுத் தறிக்குழியை மூடக் கொத்தனார் வந்தார். தறியை விற்ற பிறகு அம்மா அடிக்கடி அதில் இடறி விழுகிறாள். மண் கொட்டி சிமெண்ட் பூசிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். குழியின் பக்கச் சுவரில் ஊடை நூல் வைக்க ஒரு சின்ன மாடம் இருக்குமே, அதன் பின்கல்லை அவர் பெயர்த்தபோது பட்டுக் கழிவில் சுற்றிய பொட்டலம் ஒன்று விழுந்தது. பிரித்ததும் பழைய எண்ணெய் வாடை. உள்ளே உன் சூரிக்கத்தி. துரு ஏறவில்லை.

"யாருதும்மா இது?" என்று கேட்டார்.

"எங்க அண்ணனுது" என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. இந்தத் தெருவில் உன் கதை தெரியாதவர் யார்?

அதைச் செவிலிமேட்டுப் பாலத்திலிருந்து ஆற்றில் போட்டுவிட்டதாகத்தானே சொன்னாய்? மணல் லாரிக்காரர்களுக்கு அடியாளாக இருந்து, ஒருவன் கையை வெட்டி, வேலூர் ஜெயிலுக்குப் போய்த் திரும்பிய வாரம் அது. ஜெயிலுக்கு வரும் போதகர் கொடுத்த சங்கீதப் புத்தகம் ஒன்று, பைபிளில் ஒரு ராஜா கடவுளிடம் பாடிய ஜெபங்கள், உன் பையில் இருந்தது. அம்மா காமாட்சிக்கு விளக்கேற்றிவிட்டு வந்து, "எந்தச் சாமி சொல்லிக் கேட்டா இன்னாடா, கத்திய வுட்டியே" என்றாள்.

உனக்கு வாசிக்கத் தெரியாது. நான் படிக்க வேண்டும் என்று நீ பள்ளிக்கூடத்தை விட்டவன். அதனால் தினமும் நான் கல்லூரிக்குக் கிளம்புமுன், நீ தறிக்குழியில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்க, நான் ஒரு சங்கீதம் வாசித்தேன். என் குரல்தான் வெளியே வராதே. "சத்தமா படி பாப்பா. எனக்கே கேக்கல, அவருக்கு எங்க கேக்கப் போவுது" என்பாய்.

மேய்ப்பனைப் பற்றிய சங்கீதம் வந்த நாளில் கொட்டாவி விட்டாய். பகைவர்களின் பற்களை நொறுக்கும்படி கடவுளிடம் கேட்கும் சங்கீதம் வந்தபோது நான் கூசி நிறுத்தினேன். நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய்.

"நிறுத்தாதம்மா. இந்த ராஜா நம்ம ஆளு. பல்ல ஒடைன்னு அவராண்ட சொல்லிட்டுப் போயிக்கினே இருக்கான் பாரு. தான் கை வைக்கல."

அன்றிலிருந்து பகைவன் என்று வரும் இடங்களில் எல்லாம் உன் பழைய கூட்டாளி மூர்த்தியின் பெயரைச் சொல்வாய். ஜெயிலில் நீ யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனாலும் அவன் உன்னை நம்பவில்லை. திரும்பி வேலைக்கு வா, இல்லையென்றால் உயிரோடு இருக்காதே என்று ஆள் அனுப்பிக்கொண்டிருந்தான்.

ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, எல்லோரும் பார்க்க அறைந்தான். உதடு கிழிந்து வீட்டுக்கு வந்தேன். நீ எழுந்தாய். அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அம்மா வாசலை மறித்து நின்றாள். நீ திரும்பி வந்து தறித்தூணைக் கைமுட்டியால் குத்தினாய். தோல் உரிந்து மரத்தில் ரத்தம் ஒட்டும்வரை குத்தினாய். பிறகு குழியில் இறங்கி உட்கார்ந்து, "படி" என்றாய். ரத்தம் சொட்டும் வாயோடு நான் வாசித்தேன். மூர்த்தி, மூர்த்தி என்று நீ கூடவே சொன்னாய்.

அடுத்த வாரம், வாசித்துக்கொண்டிருக்கும்போதே மூர்த்தி இரண்டு பேரோடு உள்ளே வந்தான். இடது கையால் என்னை உன் முதுகுக்குப் பின்னால் தள்ளினாய். உன் வலது கை குழிக்குள் இறங்கியது. பிறகு வெறுமையாக மேலே வந்தது. எழுந்திருக்கக் கை ஊன்றினாய் என்றுதான் நான் நினைத்தேன். முதல் வெட்டு அந்தக் கையில் விழுந்தது. அடுத்தது கழுத்தில். தறியில் பூட்டியிருந்த மஞ்சள் பாவு நூல் முழுவதும் சிவந்து, குழிக்குள் சொட்டியது.

கோர்ட்டில் என் குரல் கேட்கவில்லை என்று சத்தமாகப் பேசச் சொன்னார்கள். உன் ஞாபகம் வந்தது. சத்தமாகச் சொன்னேன்.

மேல்முறையீட்டில் மூர்த்தி மட்டும் வெளியே வந்துவிட்டான். நான் ஆபீசுக்குப் பஸ் ஏறும் இடத்தில் நிற்கிறான். "இன்னாம்மா, அண்ணன் சௌக்கியமா?" என்று ஒருமுறை கேட்டுச் சிரித்தான். காலையில் அவன் பற்களை நொறுக்கும்படி வேண்டிவிட்டுப் போனால்தான் அவனைத் தாண்டிப் பஸ் ஏற முடிகிறது. அப்படியும் சில நாட்கள் அந்தப் புத்தகத்தின் மேலேயே எனக்குக் கோபம் வரும். உன்னை வெறுங்கையோடு நிற்கவைத்தது அதுதான் என்று.

இன்று அந்த மாடத்தின் பக்கத்தில், நீ உட்காரும் இடத்தில் உட்கார்ந்து வலது கையை இறக்கிப் பார்த்தேன். விரல்கள் நேராக அந்தக் கல் இருந்த பொந்தைத் தொட்டன. அன்று உன் கை எங்கே போய்த் திரும்பியது என்று இப்போது தெரிகிறது அண்ணா. கத்தியை ஆற்றில் போட்டிருந்தால் உனக்கு ஒரு சங்கீதம் போதுமாக இருந்திருக்கும். அதற்கு எண்ணெய் தடவிக் காலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாய். அதனால்தான் தினமும் படி என்றாய்.

கத்தியைக் கையில் பிடித்தேன். பிடி என் உள்ளங்கைக்குப் பொருந்தியது. மூர்த்தியின் பெயர் தானாக வாயில் வந்தது. கொத்தனார் கரண்டியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள போட்டு மூடிடுங்க" என்று கொடுத்துவிட்டேன்.

சிமெண்ட் காயும்வரை அடுக்களையில் வாசிக்கிறேன். பிறகு அந்த இடத்தின்மேல்தான் உட்காருவேன். மூர்த்தியின் பெயரோடுதான் அண்ணா. சத்தமாக.